நெப்டியூனுக்கு அப்பால்: பனிப்பரப்பின் வேதியியலை ஒளியில் படிப்பது

1976 மார்ச்சில் அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கியை டேல் க்ரூக்ஷாங்க், கார்ல் பில்ச்சர், டேவிட் மாரிசன் ஆகிய மூவரும் புளூட்டோவை நோக்கித் திருப்பினார்கள். கையிலிருந்தவை இரண்டு அகச்சிவப்பு வடிகட்டிகள். ஒன்று 1.55 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒட்டிய ஒளியை விடும், மற்றது 1.73 மைக்ரானை ஒட்டிய ஒளியை விடும். நீர்ப்பனி முதலாவதில் ஒளியை விழுங்கும். மீத்தேன் பனி இரண்டாவதில் விழுங்கும். புளூட்டோவிலிருந்து வந்த ஒளி 1.73-இல் குறைந்திருந்தது. அங்கே மீத்தேன் உறைந்து கிடக்கிறது என்று சொல்ல அந்த ஒரு விகிதமே போதுமானதாயிற்று. கூடவே இன்னொன்றும் வெளிப்பட்டது. மீத்தேன் பனி வெளிச்சத்தை நன்றாகத் திருப்பியனுப்பும். அப்படியானால், அதுவரை நினைத்ததைவிடப் புளூட்டோ சிறியதாகத்தான் இருக்க முடியும். 1978-இல் அதன் துணைக்கோள் சாரன் கண்டறியப்பட்டு நிறை கணக்கிடப்பட்டபோது அதுவும் சரியாகவே இருந்தது.

இன்றைய கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன என்றாலும் வேலையின் அடிப்படை மாறவில்லை. சூரிய ஒளி மேற்பரப்பில் விழுகிறது, அங்குள்ள மூலக்கூறுகள் தத்தமக்குரிய அலைநீளங்களை எடுத்துக்கொள்கின்றன, மீதி நம்மை வந்து சேர்கிறது. அந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பதிந்தால் அது நிறமாலை. அதில் விழுங்கப்பட்ட இடங்களை உறிஞ்சுபட்டைகள் என்கிறோம். ஒரு பட்டை உறுதியாகத் தெரிந்தால் அந்தப் பொருள் அங்கே இருக்கிறது. பட்டை தெரியவில்லை என்றால் அந்தப் பொருள் அங்கே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தத் துறையில் நடந்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வாக்கியத்தைப் போதிய அளவு மதிக்காததால் வந்தவை.

வந்து சேரும் ஒளி எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குவோம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஒரு வானியல் அலகு. 40 வானியல் அலகு தொலைவில், அதாவது புளூட்டோ உலவும் இடத்தில், சூரிய வெளிச்சம் பூமியில் விழுவதில் 1600-இல் ஒரு பங்கு. அது பட்டுத் திரும்பி வரும் வழியிலும் அதே அளவுக்கு மறுபடி நலிகிறது. ஆகவே நம் கைக்கு எட்டும் ஒளி தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. ஒரே அளவுள்ள பொருளை இருமடங்கு தொலைவில் வைத்தால் 16 மடங்கு, அதாவது வானியலர்கள் பொலிவை அளக்கும் பொலிவெண் கணக்கில் 3 மங்கிப்போகும் (மங்கலாக ஆக இந்த எண் கூடும்). புளூட்டோவின் அளவை ஒட்டிய ஏரிஸ் சுமார் 96 வானியல் அலகு தொலைவில் இருந்தும் 2005-இல் கண்ணில் பட்டதற்கு அதன் பரப்பு புதுப் பனியைப் போல வெளுத்திருப்பதும் ஒரு காரணம். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 96 சதவீதத்தை அது திருப்பியனுப்புகிறது.

இவ்வளவு தொலைவில் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள குறுங்கோள்களை 3 மைக்ரானுக்கு மேல் பார்த்தால் அவற்றின் சொந்த வெப்பமும் சேர்ந்து கலந்து வரும். அதைக் கணித்துக் கழிக்க வேண்டும். 30 முதல் 50 கெல்வினில் (சுமார் -243 முதல் -223 பாகை செல்சியஸில்) உறைந்து கிடக்கும் பனிப்பொருட்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 5 மைக்ரான் வரை வருவது முழுவதும் திரும்பிய சூரிய ஒளிதான்.

எந்தப் பனி எங்கே விழுங்கும்

நீர்ப்பனிக்கு 1.5, 2.0 மைக்ரான்களில் அகன்ற பட்டைகள். படிகமாக உறைந்திருந்தால் 1.65-இல் ஒரு சிறிய கூடுதல் பள்ளம். மீத்தேனுக்கு 1.67, 1.72, 2.2, 2.3, 2.37 என்று வரிசையாக, ஆழமாக. மெத்தனாலுக்கு 2.27-இல் ஒன்று. அம்மோனியா கலந்த நீர்ப்பனிக்கு 2.2-ஐ ஒட்டி ஒன்று. சாரனிலும், நெப்டியூனுக்கு அப்பாலுள்ள இன்னொரு பொருளான ஆர்கஸிலும் தெரிவது இது. இவை எல்லாம் மூலக்கூறின் அடிப்படை அதிர்வுகள் அல்ல, அவற்றின் மேல்சுரங்களும் (ஒரே அதிர்வின் மடங்குகள்) கூட்டுச்சுரங்களும் (வெவ்வேறு அதிர்வுகளின் சேர்க்கைகள்). அதனால் வலுக் குறைந்தவை. அடிப்படை அதிர்வுகள் 3 முதல் 5 மைக்ரானுக்குள் இருக்கின்றன: நீருக்கு 3.0, மீத்தேனுக்கு 3.3, கார்பன் டை ஆக்சைடுக்கு 4.27, கார்பன் மோனாக்சைடுக்கு 4.68.

நைட்ரஜன் தனி வகை. ஒரே தனிமத்தின் இரண்டு அணுக்கள் சேர்ந்த சமச்சீரான மூலக்கூறு என்பதால் அது அகச்சிவப்பை நேரடியாக விழுங்குவதே இல்லை. அடர்ந்த பனியில் அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று உலுக்குவதால் 2.15 மைக்ரானில் மெலிந்த ஒரு பட்டை எழுகிறது. அதைப் பார்க்க ஒளி சென்டிமீட்டர் கணக்கில் நைட்ரஜனுக்குள் பயணம் செய்திருக்க வேண்டும். புளூட்டோவில் மீத்தேன் கண்டறிந்து 16 ஆண்டுகள் கழித்து, 1992-இல், ஹவாயியிலிருந்த பிரிட்டனின் 3.8 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியில்தான் நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் அங்கே தெரிந்தன. இத்தனைக்கும் புளூட்டோவின் ஆவியாகும் பனிகளில் நைட்ரஜன்தான் முதன்மையானது. எளிதில் தெரிவதுதான் அதிகம் இருப்பது என்று எடுத்துக்கொண்டால் புளூட்டோவை மீத்தேன் கோளம் என்றே சொல்லியிருப்போம்.

இந்த மெலிந்த பட்டையே வெப்பமானியாகவும் பயன்படும். 35.6 கெல்வினுக்குக் கீழே நைட்ரஜன் பனி வேறொரு படிக வடிவத்துக்கு மாறும். அப்போது பட்டை கூர்மையாகும். புளூட்டோவில் தெரிவது அகன்ற வடிவம், ஆகவே அந்தப் பனி 35.6-க்கு மேலே இருக்கிறது. மீத்தேன் பட்டைகளின் இடமும் பேசும். மீத்தேன் தனியாக இல்லாமல் நைட்ரஜனுக்குள் கரைந்திருந்தால் அதன் பட்டைகள் குறுகிய அலைநீளத்தின் பக்கம் சில நானோமீட்டர் நகரும். நைட்ரஜன் பட்டை இரைச்சலில் மூழ்கியிருந்தாலும், இந்த நகர்வைக் கொண்டு அது கூடவே இருப்பதை ஊகிக்கலாம். அதற்கு அலைநீள அளவீடு துல்லியமாக இருக்க வேண்டும். கருவியின் அலைநீள அட்டவணை இரண்டு நானோமீட்டர் பிசகினாலும் இல்லாத கரைசல் இருப்பதாகத் தோன்றிவிடும்.

தரையிலிருந்து ஒரு நிறமாலை

பூமியின் காற்று சில சாளரங்களை மட்டுமே திறந்து வைத்திருக்கிறது: ஏறக்குறைய 1.1 முதல் 1.35 வரை, 1.5 முதல் 1.8 வரை, 2.0 முதல் 2.4 வரை. இடையிலுள்ள 1.4, 1.9 மைக்ரான்களை நீராவி அடைத்துவிடுகிறது. 2.5-க்கு மேல் தொலைநோக்கியும் வானமுமே சூடாக ஒளிர்வதால் மங்கலான பொருளுக்கு வழியில்லை. நீர்ப்பனியின் 2.0 பட்டை சாளரத்தின் விளிம்பில் உட்கார்ந்திருப்பதும், அதே இடத்தில் நம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு விழுங்குவதும் தொடர்ந்து தலைவலி தருபவை. ஒரு நிறமாலையில் 2.0-இல் மட்டும் பள்ளம் தெரிந்து 1.5-இல் எதுவுமே இல்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் காற்றைத்தான்.

பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். 40 வானியல் அலகில் இருப்பது, சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில், பெரும்பாலும் பூமியின் ஓட்டத்தால் மணிக்கு 3 விகலைக்குச் சற்று மேல் நகர்கிறது (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு). நிறமாலைமானிக்குள் ஒளியை விடும் பிளவின் அகலமோ ஒரு விகலைக்குள். விண்மீன்களைப் பின்தொடரும் வேகத்திலேயே தொலைநோக்கியை விட்டால் இருபது நிமிடத்தில் பொருள் பிளவைவிட்டு வெளியேறிவிடும். ஆகவே அதன் சொந்த வேகத்தைக் கொடுத்துப் பின்தொடர வேண்டும். அப்படிச் செய்யும்போது பின்புல விண்மீன்கள் பிளவுக்குள் நழுவி வந்துபோகும். 22-ஆம் பொலிவெண்ணுள்ள பொருளின் மேல் அதே மங்கலில் ஒரு விண்மீன் ஏறினால் தனித்தனிப் பதிவுகளைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு பார்ப்பது தாமதம். பால்வழியின் அடர்ந்த பகுதி வழியே பொருள் போகும் மாதங்களை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது.

பிளவின் நீளத்தில் இரண்டு இடங்களில் பொருளை மாற்றி மாற்றி வைத்து, சில நிமிடப் பதிவுகளாக எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். மேல்காற்றிலுள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் உமிழும் ஒளிக்கோடுகள் நிமிடக் கணக்கில் ஏறி இறங்குவதால் ஒரே நீண்ட பதிவு உதவாது. பிளவைக் காற்றின் ஒளிவிலகல் திசையோடு சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீல ஒளியும் சிவப்பு ஒளியும் சற்றே விலகி விழுந்து, ஒன்று பிளவுக்குள்ளும் மற்றது பாதி வெளியிலுமாகும். விளைவு, பொருள் உள்ளதைவிடச் சிவந்தோ நீலித்தோ தெரியும். பட்டையைத் தேடுபவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. நிறமாலையின் பொதுவான சரிவை, அதாவது பொருளின் நிறத்தைத் தேடுபவர்களுக்கு இது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அடுத்தது சூரியனை ஒத்த விண்மீன். பொருளின் நிறமாலையில் சூரியனின் கோடுகளும் நம் காற்றின் தடங்களும் கலந்திருக்கின்றன. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை அதே கருவியில், அதே உயரத்தில் எடுத்து வகுத்தால் இரண்டும் ஒருசேர நீங்கும். தலைக்கு நேர் மேலுள்ள காற்றுப் பாதையை 1 என்று கொண்டால், அந்தப் பாதையின் நீளம் இரண்டுக்கும் 0.1-க்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். ஹயாடீஸ் 64 போன்ற நன்கு அறியப்பட்ட விண்மீன்கள் வானில் எங்கோ இருக்க, நம் பொருள் வேறெங்கோ இருக்கும். அருகில் கிடைக்கும் ஏதாவதொரு ஜி வகை (சூரியன் சேர்ந்த வகை) விண்மீனை எடுத்துச் சமாளிப்பதும் நடக்கிறது. அதில் ஆபத்து உண்டு: ஜி வகை என்று பட்டியலில் இருப்பதெல்லாம் சூரியனுக்கு இணையல்ல. நல்ல பழக்கம், ஒரே இரவில் இரண்டு மூன்று ஒப்பு விண்மீன்களை எடுத்து அவற்றை ஒன்றால் ஒன்று வகுத்துப் பார்ப்பது. தட்டையான கோடு வர வேண்டும். வராமல் மிஞ்சும் சாய்வும் நெளிவும் எவ்வளவோ, அந்த இரவின் நம்பகத்தன்மைக்கு அதுதான் எல்லை. கட்டுரையில் போடப்படும் பிழைக்கோடுகளில் இந்த எல்லை பெரும்பாலும் இருப்பதில்லை.

இரைச்சலைக் குறைக்க அடுத்தடுத்த புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். பத்துப் புள்ளிகளைச் சேர்த்தால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும் என்பது புள்ளிகள் ஒன்றையொன்று சாராதபோது மட்டும் உண்மை. காற்றைச் சரியாக நீக்காததால் வந்த பிழை பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை எத்தனை முறை சராசரித்தாலும் குறையாது, இன்னும் பளிச்சென்று தெரியும். மங்கலான பொருட்களில் அறிவிக்கப்பட்டுப் பிறகு வேறு யாருக்கும் கிடைக்காமல் போன 5 சதவீத ஆழப் பட்டைகள் பலவற்றைப் பார்க்கும்போது இந்த வழியில் பிறந்தவை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

சுழற்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள ஹவ்மேயா 3.9 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றும் நீண்ட உருண்டை. ஒரு மணி நேரத்துக்குள் பொலிவு கண்கூடாக மாறும். ஒரு சாளரத்தை முதலிலும் அடுத்ததைப் பின்னரும் எடுத்து ஒட்டினால் இடையில் ஒரு படி தோன்றும். அது நிறமல்ல, திரும்பிய பக்கம். வடிகட்டிகளால் நிறம் அளப்பவர்கள் இதற்காகவே ஒரு வடிகட்டியை முதலிலும் கடைசியிலும் எடுத்து மற்றதை நடுவில் வைக்கிறார்கள்.

வெண்மையின் அளவு தெரியாமல் பட்டைக்குப் பொருளில்லை

வெளியாகும் நிறமாலைகள் பெரும்பாலும் 0.55 மைக்ரானில் 1 என்று வைத்து வரையப்படுபவை. அப்படி வரைந்தால் கரியைப் போன்ற 4 சதவீதப் பரப்பும் பனியைப் போன்ற 80 சதவீதப் பரப்பும் ஒரே உயரத்தில் நிற்கும். உண்மை உயரம் தெரிய விட்டம் வேண்டும். விட்டத்துக்கும் எதிரொளிப்புத்திறனுக்கும் உள்ள உறவு எளிது: 1329-ஐ எதிரொளிப்புத்திறனின் வர்க்கமூலத்தால் வகுத்து, முழுப்பொலிவெண்ணை (சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஒரு வானியல் அலகில் வைத்தால் பொருளுக்கு இருக்கும் பொலிவெண்ணை) 5-ஆல் வகுத்த ஈவின் அளவுக்கு மீண்டும் மீண்டும் 10-ஆல் வகுத்தால் கிலோமீட்டரில் விட்டம். முழுப்பொலிவெண் 5 உள்ள ஒரு பொருள் 4 சதவீதம் திருப்பியனுப்பினால் அதன் விட்டம் சுமார் 665 கிலோமீட்டர். 16 சதவீதம் என்றால் 332 தான். இந்த இரட்டைப் பொருளைத் தீர்க்க இரண்டு வழிகள். ஹெர்ஷல் விண்தொலைநோக்கி செய்ததுபோலத் தொலை அகச்சிவப்பில் வெப்பத்தை அளப்பது ஒன்று. பொருள் ஒரு விண்மீனை மறைக்கும் நொடிகளைப் பல ஊர்களிலிருந்து அளந்து நிழலின் அகலத்தைப் பிடிப்பது மற்றது. இரண்டாவதில் கிலோமீட்டர் கணக்கில் துல்லியம் கிடைக்கும், ஆனால் விண்மீன் அமைய வேண்டும்.

உயரம் தெரிந்த பிறகு மாதிரி கட்டும் வேலை. ஆய்வகத்தில் அளந்த ஒளியியல் மாறிலிகளை, அதாவது ஒவ்வொரு அலைநீளத்திலும் பனி எவ்வளவு விலக்குகிறது எவ்வளவு விழுங்குகிறது என்ற எண்களை எடுத்து, துகள் அளவையும் கலவை விகிதத்தையும் மாற்றி மாற்றி அளவீட்டோடு பொருத்துவார்கள். புரூஸ் ஹாப்கே 1981-இல் தந்த முறையும், ஷ்குராடோவ் குழு 1999-இல் தந்த முறையும் அதிகம் புழங்குபவை. துகள்களுக்கு இடையே ஒளி பலமுறை சிதறுவதைக் கணக்கிட ஹாப்கே எடுத்துக்கொண்ட சார்புகள் சுப்பிரமணியன் சந்திரசேகர் கதிர்வீச்சுக் கடத்தலில் வகுத்தவை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவரின் பெயர் புளூட்டோவின் பனிக் கணக்கில் வருவது இந்த வழியாக.

இங்கேதான் பெரிய குழி. பனங்கற்கண்டு பழுப்பாக இருக்கிறது. அதையே பொடித்தால் வெளுக்கிறது. பொருள் மாறவில்லை, ஒளி ஒவ்வொரு துகளுக்குள்ளும் போகும் தூரம் குறைந்துவிட்டது. பனியும் அப்படித்தான். 20 சதவீத ஆழமுள்ள ஒரு நீர்ப்பனிப் பட்டையைப் பரப்பில் கொஞ்சமாகக் கிடக்கும் பெரிய துகள்களாலும் விளக்கலாம், அதிகமாகக் கிடக்கும் நுண்துகள்களாலும் விளக்கலாம். ஒரே ஒரு பட்டையை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது. வலுவான பட்டையும் வலுக்குறைந்த பட்டையும் ஒரே பொருளுக்குக் கிடைத்தால் மட்டுமே அளவும் துகளும் பிரியும்.

கலந்திருக்கும் விதம் இன்னொரு சிக்கல். பனித்திட்டும் கரித்திட்டும் தனித்தனியாகக் கிடந்தால் இரண்டின் ஒளியையும் பரப்புக்கேற்பக் கூட்டினால் போதும். துகளோடு துகளாகக் கலந்திருந்தால் கூட்டல் பொய்த்துவிடும்: நுண்ணிய கரி சிறிதளவே இருந்தாலும், பலமுறை சிதறி வெளியேற வேண்டிய ஒளி வழியில் எங்கோ அதில் மாட்டிக்கொள்ளும். பரப்பில் பெரும்பங்கு பனி இருந்தும் பட்டையே தெரியாமல் போவது இப்படித்தான். நடைமுறையில், மாதிரிகளில் மீதியை நிரப்ப உருவமற்ற கார்பனும், சிவப்பு நிறத்துக்காக ஆய்வகத்தில் செய்த தோலின் என்ற கரிமப் பிசினும் சேர்க்கப்படுகின்றன. கார்பனுக்குப் பட்டையே கிடையாது. எந்த இடைவெளியையும் அது அடைக்கும். ஆகவே ஒரு கட்டுரை "40 சதவீதம் உருவமற்ற கார்பன்" என்று சொன்னால் அதைக் கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடையாளம் தெரியாத கரும்பொருள் அவ்வளவு என்றே வாசிக்க வேண்டும். தோலினும் ஏறக்குறைய அப்படியே. சனியின் டைட்டானுக்காக கார்ல் சேகனும் பிஷுன் கரேயும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் செய்த சில மாதிரிகளுக்குத்தான் முழுமையான மாறிலிகள் இருக்கின்றன. எல்லோரும் அவற்றையே பயன்படுத்துவதால் எல்லாப் பொருளிலும் டைட்டானின் தோலின் இருப்பதுபோன்ற தோற்றம் வருகிறது.

வெப்பநிலையும் பொருந்த வேண்டும். 100 கெல்வினில் அளந்த பனியின் மாறிலியை 40 கெல்வின் பரப்புக்குப் போட்டால் பட்டையின் அகலமும் இடமும் விலகி, அந்த விலகலை நிரப்ப மாதிரி இல்லாத மூன்றாவது பொருளைக் கேட்கும்.

அளவீடு சரியாக இருந்தும் விளக்கம் வழுக்கிய கதைக்கு, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குவாவார் நல்ல எடுத்துக்காட்டு. 2004-இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் அதன் நிறமாலையில் 1.65 மைக்ரான் பள்ளத்தைக் கண்டார்கள். அங்குள்ள நீர்ப்பனி படிகம். 50 கெல்வினை ஒட்டிய குளிரில் படியும் பனி படிகமாகாது, அதற்கு 110 கெல்வினாவது ஏற வேண்டும். படிகமாக இருந்தாலும் விண்வெளிக் கதிர்கள் காலப்போக்கில் அதைக் குலைத்துவிடும். அதற்கு ஒரு கோடி ஆண்டு போதும் என்பது அன்றைய கணக்கு. எனவே அண்மைக் காலத்தில் உள்ளிருந்து ஏதோ பொங்கி வந்திருக்க வேண்டும் என்ற ஊகம் எழுந்தது. பிறகு ஹவ்மேயா, ஆர்கஸ் என்று நீர்ப்பனி பளிச்சென்று தெரிந்த இடமெல்லாம் படிகமே தெரிந்தது. எல்லாமே அண்மையில் பொங்கியிருக்க முடியாது. படிகம் குலைவதையும் மீள்வதையும் பற்றிய கணக்கைத்தான் திருத்த வேண்டும் என்ற பக்கம் பேச்சு திரும்பியது.

2.5 மைக்ரானுக்கு அப்பால்

2022 வரை நடுத்தர அளவுள்ள பொருட்களின் நிலை இதுதான்: நூற்றுக்கும் குறைவானவற்றுக்கே அகச்சிவப்பு நிறமாலை, அவற்றிலும் பல, சரிவு ஒன்றைத் தவிர வேறெதுவும் காட்டாதவை. பெரியவற்றில் மீத்தேன், ஹவ்மேயாவிலும் அதன் மோதல் குடும்பத்திலும் தூய நீர்ப்பனி, ஓரிரண்டில் மெத்தனால். போலஸ் என்ற சென்டாரின் (வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடையே சுற்றும் பொருள்) 2.27 பட்டையை 1998-இல் மெத்தனால் என்று விளக்கியது அதற்கு முன்னோடி. மீதியெல்லாம் "தட்டை, சிவப்பு".

ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானி காற்றுக்கு மேலே இருந்து, ஒரே வீச்சில் 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை எடுக்கிறது. பட்டகத்தைப் பயன்படுத்தினால் பிரிதிறன் சுமார் 100 தான். பனிப் பட்டைகள் அகலமானவை என்பதால் அது போதும். பிளவுக்குப் பதில் 3 விகலைக்கு 3 விகலைச் சதுரத்தை 30 கீற்றுகளாக வெட்டி நிறமாலை எடுக்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். பொருள் பிளவிலிருந்து நழுவும் கவலை இல்லை. புதிய கவலைகள் உண்டு. கீற்றின் அகலம் 0.1 விகலை, புள்ளிப் பிம்பம் குறுகிய அலைநீளங்களில் அதைவிடப் பெரிதல்ல. ஆகவே ஒளியைச் சேர்க்கும் வட்டத்தைச் சிறிதாக வைத்தால் நிறமாலையில் அலையலையாக நெளிவு வரும், அதைப் பட்டை என்று நம்பிவிடலாம். வட்டத்தைப் பெரிதாக்கினால் பின்புல இரைச்சல் ஏறும். அதே கருவியின் வேறொரு முறைக்காக வைத்த நுண்கதவுகளில் மூடாமல் சிக்கிக்கொண்டவை வழியே வேறு விண்மீன்களின் ஒளியும் அதே உணரியில் கசியும். பொருளை நான்கு இடங்களில் நகர்த்தி வைத்து எடுத்து ஒப்பிடுவதற்கு இது ஒரு காரணம். பி330-ஈ போன்ற ஜி வகை ஒப்பு விண்மீனை அதே அமைப்பில் எடுத்து வகுப்பது இங்கேயும் தொடர்கிறது.

நோயமி பினியா-அலோன்சோ தலைமையிலான பெருந்திட்டம் இப்படி 59 பொருட்களைப் பார்த்தது. 56-இல் கார்பன் டை ஆக்சைடு, 28-இல் கார்பன் மோனாக்சைடு என்று 2024-இல் வெளியானது. தரையிலிருந்து பார்த்துத் தட்டை என்று ஒதுக்கிய அதே வகைப் பொருட்கள்தான் இவை. 2025-இல் வந்த முடிவு இவற்றை மூன்று குழுவாக்கியது. 3 மைக்ரானைச் சுற்றிய வளைவின் வடிவத்தைப் பார்த்துக் கிண்ணம், இரட்டைப் பள்ளம், செங்குத்துச் சரிவு என்று பெயர் வைத்தார்கள். கிண்ணத்தில் நீர்ப்பனியும் தூசும் ஓங்கியிருக்கின்றன. இரட்டைப் பள்ளத்தில் கார்பன் டை ஆக்சைடு. சரிவில் மெத்தனாலும் சிக்கலான கரிமங்களும். மாதிரியில் இருந்த குளிர்ந்த செந்நெறிப் பொருட்கள், அதாவது பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராதவை, எல்லாம் மூன்றாவது குழுவில் விழுந்தன. கோள்கள் இடம்பெயர்வதற்கு முன் சூரியனைச் சுற்றிய வட்டில் எந்தத் தொலைவில் எந்தப் பனி தாக்குப்பிடித்ததோ அதன் தடமே இந்த மூன்று குழுக்கள் என்பது அவர்கள் விளக்கம். வலுவான விளக்கம்தான். ஆனாலும் குளிர்ந்த செந்நெறிப் பொருட்கள் நகராதவை என்ற ஒரு நங்கூரம்தான் அதற்கு உறுதியாக இருக்கிறது. மற்ற இரண்டு குழுக்களின் பிறப்பிடத்தை அதிலிருந்து உள்நோக்கி நீட்டிச் சொல்கிறார்கள்.

2019 ஜனவரி 1-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 3,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோன அரோகோத் அந்தக் குளிர்ந்த வகையைச் சேர்ந்தது. அங்கே கிடைத்ததும் மெத்தனால்தான், நீர்ப்பனி உறுதிப்படவில்லை. விண்கலத்தின் நிறமாலைமானி 1.25 முதல் 2.5 மைக்ரான் வரை மட்டுமே பார்க்கும். புளூட்டோவின் நைட்ரஜனுக்கும் மீத்தேனுக்கும் அது சரியான வரம்பு, மற்றவற்றுக்குக் குறுகியது. 2015-இல் அதே விண்கலம் அருகிலிருந்து பார்த்த சாரனில், வெப் பிறகு தொலைவிலிருந்தே கார்பன் டை ஆக்சைடையும் 3.5 மைக்ரானில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கண்டது. அருகே போவதைவிடச் சரியான அலைநீளம் சில நேரம் அதிகம் தரும்.

அடிப்படை அதிர்வுகளின் வலிமையே அவற்றின் குறையும். 3 மைக்ரானில் சில மைக்ரான் கனமுள்ள பனியே ஒளி முழுவதையும் தின்றுவிடும். அதற்கு மேல் ஒரு மீட்டர் இருந்தாலும் பட்டை அதே மாதிரிதான் தெரியும். 59-இல் 56 என்பதை "கார்பன் டை ஆக்சைடு ஏராளம்" என்று மாற்றி எழுதும் செய்திகள் இந்த இடத்தில் தவறுகின்றன. பரவலாக இருப்பது உறுதி. எவ்வளவு என்பதற்கு 2.70, 2.78 மைக்ரான்களின் மெலிந்த கூட்டுப்பட்டைகளையும், கார்பன்-13 அணு கொண்ட மூலக்கூறின் 4.38 பட்டையையும் பார்க்க வேண்டும். அவையும் சேர்ந்து தெரிந்தால் தடிமன் இருக்கிறது. இரட்டைப் பள்ளக் குழுவில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே 4.27 பட்டையின் இருபுறமும் எதிரொளிப்பு மேடாக எழுவது நுண்ணிய, ஏறக்குறைய தூய துகள்களைக் காட்டுகிறது.

கார்பன் மோனாக்சைடு இருப்பதுதான் உண்மையான புதிர். வெற்றிடத்தில் அது 30 கெல்வினை எட்டுவதற்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். 40 கெல்வின் பரப்பில், பிடித்துவைக்கப் போதிய ஈர்ப்பில்லாத சிறு பொருளில், 450 கோடி ஆண்டு தங்கியிருக்க முடியாது. ஆகவே வேறு பனிக்குள் சிக்கியிருக்க வேண்டும், அல்லது கார்பன் டை ஆக்சைடும் மெத்தனாலும் கதிர்பட்டு உடைந்து இன்றும் உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு மிகுந்த பொருட்களில் இதுவும் வலுவாகத் தெரிவதால் இரண்டாவது வழியே பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் பிறவிச் சரக்கு என்று இதை எண்ணுவதில் பயனில்லை.

பெரியவற்றில் இன்னும் கூர்ந்து பார்க்க முடிந்திருக்கிறது. ஏரிஸ், மேக்மேக் இரண்டின் மீத்தேனிலும் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) கலந்த மூலக்கூறின் பட்டைகளை 2024-இல் வெப் அளந்தது. வால்விண்மீன் 67பி-யின் மீத்தேனில் உள்ளதைவிட டியூட்டீரியம் குறைவு. தொடக்கத்திலேயே சேர்ந்த மீத்தேன் என்றால் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்; ஆகவே உள்ளே, சூடான பாறைப் பகுதியில், நீரும் கார்பனும் வினைபுரிந்து பிறந்த மீத்தேன் மேலே வந்திருக்கலாம் என்கிறார்கள். இன்னும் தொலைவில் உலவும் செட்னாவில் மீத்தேனைவிட அது கதிர்பட்டு மாறிய ஈத்தேன் போன்றவை தூக்கலாகத் தெரிகின்றன.

இவையெல்லாம் ஒப்பளவில் பொலிவானவற்றுக்கு. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த பெரும்பான்மைக்கு வெப்பின் நேரம் கட்டுப்படியாகாது; அவற்றுக்கு நிறம் மட்டும்தான் கிடைக்கும். சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் ஆறு வடிகட்டிகளில் ஆயிரக்கணக்கான தொலைதூரப் பொருட்களை அளக்கப்போகிறது. 59 பொருட்களில் கிண்ணக் குழு கண்ணுறு ஒளியில் குறைந்த சிவப்பு, மற்ற இரண்டும் மிகுந்த சிவப்பு. ஆகவே நிறத்தைக் கொண்டு கிண்ணத்தைப் பிரித்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடுக் குழுவையும் மெத்தனால் குழுவையும் நிறத்தால் மட்டும் பிரிப்பது கடினம். அதற்கு 3 மைக்ரானுக்கு மேல் ஒரே ஒரு அளவீடாவது வேண்டும்.